கேக்குக்கு ஞானத்தகப்பன்

ஃப்ரெஸ்னோ
ஜனவரி 14, 1990

நொயேலியா,

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். கிறிஸ்துமஸ் அன்று அம்மா வீட்டில், தமாலே பலகாரத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு, சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் கேட்க நீ சொன்னது ஞாபகம் இருக்கிறதா? "அக்கா ரேடியோவுல பேசினா கோழிக்குத் தீனி போடக் கூப்பிடுற மாதிரியே இருக்கு." சித்தப்பா மேசையைத் தட்டிச் சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன், வேறு என்ன செய்ய? அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன், இனி என் குரல் உன் காதில் விழாது. தாளுக்குக் குரல் கிடையாது, நிம்மதியாகப் படி.

விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் வானொலி நிலையத்தில் ஸ்பானிஷுக்கு விடியற்காலையில் மட்டும்தான் இடம். மற்ற நேரமெல்லாம் ஆங்கிலத்தில் விளைபொருள் விலையும் பேஸ்பாலும் பழைய பாட்டும். முதலாளி கெவோர்க்கியன் போன வாரம் கூப்பிட்டுச் சொன்னார்: "அம்பாரோ, டாக்கோ வண்டிக்காரரும் டயர் கடைக்காரரும் குடுக்குற விளம்பரத்துல கரண்ட் பில்கூட கட்ட முடியல. பெரிய கடையா ஒண்ணு கொண்டா. மே மாசம் முடியுற வரைக்கும் அது நின்னுச்சுன்னா மத்தியான நேரம் உனக்கு. நிக்கலைன்னா விடியற்காலையும் போயிடும், பிரசங்கம் பண்றவர் ஒருத்தர் அந்த நேரத்தைக் கேட்டுக்கிட்டே இருக்கார்."

மத்தியானம் என்றால் என்னவென்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. தோட்டத்தில் சாப்பாட்டு வேளை. திராட்சைக் கொடி வரிசைகளுக்கு நடுவே நிற்கிற ஒவ்வொரு வண்டியிலும் ரேடியோ பாடும். இப்போது நான் பேசுவதைக் கேட்கிறவர்கள் பாதித் தூக்கத்தில் ஷூ மாட்டிக்கொண்டிருப்பவர்கள். முழித்திருக்கிற ஜனங்களிடம் ஒரு தடவையாவது பேச வேண்டும் என்று எனக்கு எத்தனை வருஷத்து ஆசை, உனக்குத் தெரியும்.

பெரிய கடை கிடைத்துவிட்டது. நோர்ட்பெர்க் துணிக்கடை. கண்ணாடியில் ஸ்பானிஷ் வார்த்தை ஒன்றைக்கூட இதுவரை ஒட்டாத கடை. நடையாய் நடந்து கடைக்கார நோர்ட்பெர்க் அம்மாவைச் சம்மதிக்க வைத்தேன். கடைசியில் என்ன ஆயிற்று? விளம்பரத்தைச் செய்து தரும் பொறுப்பை லாஸ் ஏஞ்சலஸில் ஒரு விளம்பர நிறுவனத்திடம் கொடுத்தார்கள், டேப் வந்தது, உறையில் உன் கையெழுத்து. நீ வேலை செய்கிற நிறுவனம்தான்.

போட்டுக் கேட்டேன். எந்த ஊரிலும் பிறக்காத ஒரு ஆண் குரல். "மகளின் பதினைந்தாம் வயது விழாவுக்குக் கவுன், கிரீடம், காலணி, கோவிலில் முழங்காலிட மெத்தை, கேக், எல்லாம் ஒரே பொட்டலமாக, ஒரே விலையில். அப்பா, நீங்கள் ஒருவரே வாங்கிவிடலாம்." சொன்னபடி போடுகிறேன், என் வேலை அது. ஆனால் இது ஓடாது. ஏன் என்று உனக்கே தோன்றவில்லையா?

அம்பாரோ


லாஸ் ஏஞ்சலஸ்
ஜனவரி 27

அக்கா,

போன் செய்தேன். என் குரலைக் கேட்டதும் வைத்துவிட்டாய். இவ்வளவு வீம்பு உனக்கு எங்கிருந்து வந்தது என்று அம்மாவிடம் கேட்டேன், "ரெண்டு பேருக்கும் ஒரே எடத்துல இருந்துதான்" என்றார்.

அந்தக் குரலைப் பற்றிச் சொல்கிறேன். எங்களிடமிருந்து போகிற ஒவ்வொரு டேப்பையும் எல் சால்வதோர்க்காரரும் குவாத்தமாலாக்காரரும் கியூபாக்காரரும் கேட்க வேண்டும், யாருக்கும் சிரிப்பு வரக் கூடாது. அதனால்தான் ஊர் தெரியாத உச்சரிப்பு. உன்னைக் கேலி செய்தது எல்லை மீறியதுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதையும் இதையும் முடிச்சுப் போடாதே.

பொட்டலம் என் யோசனை. மேலதிகாரி கொடுத்ததில்லை, நானே எழுதியது. எனக்குப் பதினைந்து வயதான அன்று நாம் எங்கே இருந்தோம்? அரிசோனாவில் பருத்தி எடுத்துக்கொண்டிருந்தோம். லாரிக்குப் பின்னால் அப்பா ஒரு சோடா வாங்கிக் கொடுத்தார், அதுதான் என் விழா. தலை குனிந்தே உட்கார்ந்திருந்தார், என் முகத்தை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அப்படி ஒரு அப்பா பெரிய கடைக்குள் நெஞ்சை நிமிர்த்தி நடந்து போய், "எல்லாத்தையும் குடுங்க" என்று சொல்ல வேண்டும். அதை நினைத்துத்தான் ஒவ்வொரு வார்த்தையும் எழுதினேன். இது எப்படி ஓடாமல் போகும்?

இங்கே கூட்டங்களில் வயலில் வேலை செய்த குடும்பத்திலிருந்து வந்தவள் நான் ஒருத்திதான். இது தோற்றால் "அந்தப் பொண்ணுக்கே அவ ஜனங்களத் தெரியல" என்பார்கள். கொஞ்சம் பொறு.

நொயேலியா


ஃப்ரெஸ்னோ
பிப்ரவரி 25

நொயேலியா,

பொறுத்தேன். டேப் தினமும் ஓடியது. கடையில் பொட்டலம் ஒன்றுகூட விற்கவில்லை.

சோன் அண்ணனை உனக்குத் தெரியும், செல்மா பக்கம் பீச் பழத் தோட்டத்தில் கங்காணி. அவர் மகளுக்கு ஜூனில் பதினைந்து. கடைக்குள் போனார், பொட்டலத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார், தொப்பியைப் போட்டுக்கொண்டு வெளியே வந்துவிட்டார். ரொட்டிக் கடையில் பிடித்துக் கேட்டேன். மனிதருக்குக் கோபமே வந்துவிட்டது.

"என்னைப் பாத்தா நாதியத்தவன் மாதிரியா இருக்கு? எம் பொண்ணு விழாவுக்கு எல்லாத்தையும் நானே வாங்கினா என் மச்சான் மூஞ்சில எப்படி முழிக்கிறது? 'நம்மளக் கூப்பிடக்கூடத் தோணலையா'ன்னு கேக்க மாட்டானா? இவனுக்கு மனுஷாளே இல்லன்னு ஊரு பேசாதா?"

சலவைக் கடையில் பெண்கள் அதற்குப் பெயரே வைத்துவிட்டார்கள். அநாதைப் பொட்டலம்.

உன்மேல் எனக்குக் கோபம் இல்லை, இதைச் சொல்லிவிடுகிறேன். உனக்கு விழா நடக்கவில்லை, நீ எங்கே பார்த்திருப்பாய்? விலை கொடுக்க முடியாமல் பங்கு போட்டுக்கொள்கிறார்கள் என்று வெளியிலிருந்து பார்க்கிறவர்கள் நினைப்பார்கள். அப்படி இல்லை. காலணிக்கு ஒரு ஞானத்தாய், கிரீடத்துக்கு ஒருத்தி, கேக்குக்கு ஒரு ஞானத்தகப்பன், பாட்டுக் குழுவுக்கு ஒருவர். அப்பாவும் அம்மாவும் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் போய் நின்று, "எங்க பொண்ணுக்கு நீங்க இதுக்கு நிக்கணும்" என்று கேட்க வேண்டும். அப்படி வந்து கேட்பதுதான் மரியாதை. கேட்கப்பட்டவர் பொருள் கொடுப்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். அன்றிலிருந்து அந்தப் பெண்ணுக்கு அவர்கள் உறவு. எவ்வளவு பேர் நின்றார்கள் என்பதுதான் ஒரு குடும்பத்தின் பவிசு. நீ அப்பாவின் நெஞ்சை நிமிர்த்தப் பார்த்தாய், அவரைத் தனியாக நிற்க வைத்துவிட்டாய்.

இனி நான் செய்ததைச் சொல்கிறேன். வியாழக்கிழமை விடியற்காலை டேப்பை நிறுத்திவிட்டு நானே பேசினேன். "நோர்ட்பெர்க் கடையில் காலணி தனியாகக் கிடைக்கும், கிரீடம் தனியாகக் கிடைக்கும், மெத்தை தனியாகக் கிடைக்கும். நீங்கள் யார் மகளுக்கு எதற்கு நிற்கிறீர்கள் என்று வாங்கும்போது சொல்லிவிட்டுப் போங்கள். உங்கள் பெயரை நான் வானொலியில் சொல்கிறேன்." கடைக்குப் போய் அந்த அம்மாவிடமும் பொட்டலங்களைப் பிரித்து அடுக்கச் சொல்லிவிட்டேன். யாரையும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நீ வேண்டாம் என்றிருப்பாய்.

அம்பாரோ


லாஸ் ஏஞ்சலஸ்
மார்ச் 6

அக்கா,

உனக்குக் கொஞ்சமாவது தெரிகிறதா நீ என்ன செய்தாய் என்று? ஒரு நிறுவனம் செய்து கொடுத்த விளம்பரத்தை நிலையத்தில் இருப்பவர் நிறுத்துவது சின்னக் குற்றமில்லை. மேலதிகாரி கதவைச் சாத்திக்கொண்டு கேட்டார், "இதுக்கு யாரு அனுமதி குடுத்தது?" நான்தான் கொடுத்தேன் என்று பொய் சொன்னேன். இந்த வேலைக்காக நான் எத்தனை ராத்திரிப் பள்ளிக்கூடம் போனேன் என்று உனக்குத் தெரியும், நீதான் பேருந்துக்குக் காசு கொடுத்தாய்.

அநாதைப் பொட்டலம் என்று படித்ததும் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். பிறகு கழிப்பறைக்குப் போய்க் கதவைத் தாழிட்டுக்கொண்டு அழுதேன். எனக்கு அது தெரியாமல் போனது பெரிதில்லை. ஆனால் அன்றைக்கு அரிசோனாவில் அப்பா ஏன் அப்படி உட்கார்ந்திருந்தார் என்று இத்தனை வருஷம் தப்பாக நினைத்திருக்கிறேன். காசு இல்லாததுதான் காரணம் என்று நினைத்தேன். யார் வாசலிலும் போய்க் கேட்க முடியாத ஊரில் இருந்தோமே, அதுதான் அவரைத் தின்றிருக்கிறது, இல்லையா?

சரி. செய்தது செய்தாயிற்று. இனி எதுவானாலும் என்னிடம் சொல்லிவிட்டுச் செய், என் பொய்யை நான் எவ்வளவு நாள் நிற்க வைக்க வேண்டும் என்றாவது தெரியட்டும். யாராவது கடைக்கு வந்தார்களா? அதை மட்டும் உடனே எழுது.

நொயேலியா


ஃப்ரெஸ்னோ
ஏப்ரல் 22

நொயேலியா,

வந்தார்களா என்று கேட்கிறாய். வெள்ளைக் காலணி தீர்ந்து, மறுபடி வரவழைத்து, அதுவும் தீர்ந்துவிட்டது. ஒரே பெண்ணின் கிரீடத்துக்கு இரண்டு அத்தைகள் சண்டை போட்டுக்கொண்டு என் முன்னால் வந்து நின்றார்கள். "அவ பேரை மொதல்ல சொன்னா நான் விழாவுக்கே போக மாட்டேன்" என்றாள் ஒருத்தி. இரண்டு கிரீடம் வாங்க வைத்தேன், ஒன்று கோவிலுக்கு, ஒன்று நடனத்துக்கு. வியாபாரம் உனக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்தாயா?

இதையும் கேள். சோன் அண்ணன் தன் முதலாளி குர்பச்சன் சிங்கிடம் போய், கேக்குக்கு ஞானத்தகப்பனாக நிற்க முடியுமா என்று கேட்டிருக்கிறார். பஞ்சாபிக்காரர், பீச் தோட்டம் அவருடையது. முதலில் புரியவில்லையாம். புரிந்ததும் ரோஜா நிறத் தலைப்பாகை கட்டிக்கொண்டு, மனைவியோடு கடைக்கு வந்து, இருப்பதிலேயே பெரிய கேக்குக்கு ஆர்டர் எழுதிக் கொடுத்துவிட்டு, நேராக நிலையத்துக்கு வந்தார். "எம் பேரு, எங்கப்பா பேரு, எங்க ஊரு பேரு, மூணையும் சொல்லணும். அந்தப் பொண்ணை அது பொறந்ததுல இருந்து எனக்குத் தெரியும்" என்றார், மரக்கிளைகளுக்கு நடுவே கற்றுக்கொண்ட ஸ்பானிஷில். மூன்றையும் சொல்லிப் பார்த்து, அவர் தலையாட்டும்வரை விடவில்லை நான்.

கடையில் துணி தைக்கிற மாய் யேர் என்ற மோங் பெண்ணை, ஒரு வாடிக்கையாளர் மெத்தைக்கு ஞானத்தாயாகக் கேட்டுவிட்டார். லாவோஸிலிருந்து வந்த நாளாக அவளிடம் துணி தவிர வேறு எதையும் யாரும் கேட்டதில்லையாம். மெத்தையில் அவர்கள் ஊர்ப் பூவேலை செய்து கொடுத்தாள். பெயர் சொன்ன அன்று அவள் குடும்பம் முழுவதும் விடியற்காலையில் நிலையத்து வாசலில் நின்றது, பால் பண்ணைப் போர்ச்சுகீசியர் ஒருவரும் கூட நின்றார், தன் பெயர் பக்கத்துப் பண்ணைக்காரர் பெயருக்கு முன்னால் வர வேண்டுமாம்.

கெவோர்க்கியன் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று எல்லாவற்றையும் கேட்கிறார். ஒரு நாள் சொன்னார்: "எங்கப்பா ஆர்மீனியாவுல இருந்து வந்து இந்த ஊர்லயே செத்தாரு. அவர் பேரை முழுசா ஒருத்தனும் சொன்னதில்ல. கெவ்னுதான் கூப்பிட்டாங்க."

இப்போது கெட்டதைச் சொல்கிறேன். நோர்ட்பெர்க் அம்மா ஒரு வருஷத்துக்கு ஒப்பந்தம் போடத் தயார். மத்தியான நேரம் ஸ்பானிஷுக்குக் கிடைக்கும். ஆனால் அது பெரிய நேரமாம், அதனால் "சுத்தமான" குரல் வேண்டுமாம். பெயர்களை நான் எழுதி லாஸ் ஏஞ்சலஸுக்கு அனுப்ப வேண்டும், உங்கள் டேப்காரர் அங்கே வாசிப்பார், டேப் திரும்பி வரும், நான் பொத்தானை அழுத்துவேன். உங்கள் நிறுவனத்தின் யோசனை என்று கெவோர்க்கியன் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்.

வலிக்கிறது. வலிக்கவில்லை என்று எழுத மாட்டேன். நேரத்தை நான் வாங்கிக் கொடுத்தேன், பேச ஆள் வேறு. உன்னிடம் கெஞ்சுவதற்கு இதை எழுதவில்லை. நீ அங்கே இருக்கிறாய், தெரிந்திருக்க வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

அம்பாரோ


லாஸ் ஏஞ்சலஸ்
மே 19

அக்கா,

நேற்றுக் கூட்டம் நடந்தது. நோர்ட்பெர்க் அம்மாவே உங்கள் ஊரிலிருந்து வந்திருந்தார்.

டேப்காரரை வரவழைத்து நீ அனுப்பிய பெயர்களை வாசிக்க வைத்தார்கள். மனிதர் கெட்டிக்காரர். குர்பச்சன் சிங், மாய் யேர், எல்லாவற்றையும் பிசகில்லாமல் வாசித்தார். எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டப் போனேன், கை எழவில்லை. ரயில் நிலையத்தில் அடுத்த வண்டிகளைச் சொல்கிற மாதிரி இருந்தது, அக்கா. ஒரு தவறும் இல்லை, ஒருவருக்கும் அது சொந்தமும் இல்லை.

எழுந்து நின்றேன். "இவரை அந்த விழாவுல யாராவது சாப்பிடக் கூப்பிடுவாங்களா?" என்று கேட்டேன். மேலதிகாரி, "அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?" என்றார்.

"இருக்கு. பேரைச் சொல்றவங்க மறுநாள் ரொட்டிக் கடையில எதிர்ல வரணும். 'நல்லாச் சொன்னீங்க'ன்னு கையைப் பிடிக்கணும். ஒரு பேரை விட்டுட்டா அவங்க வீட்டு வாசல்ல போயி நின்னு சமாதானம் பண்ணணும். இவரு யாரு வாசல்ல போயி நிப்பாரு? இது விளம்பரம்தான். ஆனா கேக்குறவங்களுக்கு இது சாட்சி. ஊரு தெரியாத ஆளு சாட்சி சொல்ல முடியாது. அம்பாரோ பார்ராகான் பேசட்டும், இல்லைன்னா இந்த விளம்பரமே வேண்டாம்."

இதை ஆங்கிலத்தில்தான் சொன்னேன். என் ஆங்கிலத்தில் நம் வீட்டுச் சாயல் தெரியக் கூடாது என்று எத்தனை வருஷம் நாக்கைக் கட்டி வைத்திருந்தேன், நேற்று அவிழ்த்து விட்டுவிட்டேன்.

உடனே நோர்ட்பெர்க் அம்மாதான் பேசினார். "போன வாரம் சந்தையில முன்னப்பின்ன தெரியாத ஒரு அம்மா என் கையைப் பிடிச்சுக்கிட்டு, 'அம்பாரோ சொன்ன கடை நீங்கதானே'ன்னு கேட்டாங்க. இத்தனை வருஷமா அந்த ஊர்ல கடை வச்சிருக்கேன், ஒருத்தர்கூட என் கையைப் பிடிச்சதில்ல." பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார். இனிமேல் நேராக உங்கள் நிலையத்தோடேயே பேசிக்கொள்வாராம், நடுவில் நாங்கள் வேண்டாமாம். அதாவது மத்தியானம் உனக்கு. உன் குரலுக்கு.

மேலதிகாரி என்னைப் பார்த்துச் சொன்னார், "நம்ம வாடிக்கையாளரையே தூக்கி உங்க அக்கா கையில குடுத்துட்ட." உண்மைதான். என்னை அந்தத் தளத்திலிருந்து மாற்றிவிட்டார்கள். திங்கள்கிழமையிலிருந்து பற்பசை அட்டையில் அச்சாகிற வார்த்தைகளைச் சரிபார்க்க வேண்டும். வருத்தமா என்று கேட்காதே. அந்த அறையை விட்டு நேற்று நான் நடந்து வந்த மாதிரி என் வாழ்க்கையில் எங்கும் நடந்ததில்லை.

கிறிஸ்துமஸ் அன்று சொன்னதற்கு மன்னித்துவிடு. உன்னுடையது கோழியைக் கூப்பிடுகிற குரல்தான், அதில் மாற்றமில்லை. கூப்பிட்டால் எல்லோரும் வருகிறார்களே, அதை நான் யோசிக்கவில்லை.

நொயேலியா


ஃப்ரெஸ்னோ
ஜூன் 5

என் நொயேலியா,

நேற்று முதல் மத்தியானம்.

சோன் அண்ணன் தோட்டத்தில் எல்லா வண்டிகளின் கதவையும் திறந்து, எல்லா ரேடியோவையும் ஒரே அலைவரிசையில் வைத்துவிட்டாராம். வரிசையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் நான்தானாம். பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள் தட்டோடு அங்கே வந்து உட்கார்ந்துவிட்டார்களாம். பழங்களைப் பெட்டியில் அடைக்கிற கொட்டகையில் மேஸ்திரி இயந்திரத்தையே நிறுத்திவிட்டாராம். பாதிப் பேருக்கு ஸ்பானிஷ் அரைகுறை. பெயர்கள் எல்லோருக்கும் புரிந்தன.

என் பெயரைச் சொன்னேன், மிச்சோவகானில் நம் சொந்த ஊர்ப் பெயரைச் சொன்னேன், என் பேச்சு பிடிக்காதவர்கள் தாராளமாக வேறு நிலையத்துக்குத் திருகிக்கொள்ளலாம் என்றும் சொன்னேன். பிறகு சோன் அண்ணன் மகளுக்கு நிற்கிறவர்கள் எல்லோரையும் வாசித்தேன். குர்பச்சன் சிங் அவர் அப்பா பெயரோடும் ஊரோடும் வந்தார். மத்தியான வெயிலில் அவர் ரேடியோ முன்னால் எழுந்து நின்றே கேட்டாராம், உட்கார மறுத்துவிட்டாராம்.

இதன் பிறகு நான் செய்ததை நீ அறிந்துகொள்ள வேண்டும். நேரம் முடியப் போகிறது. கெவோர்க்கியன் கண்ணாடிக்கு வெளியே கையை வெட்டி வெட்டிக் காட்டுகிறார், போதும் என்று. எனக்குப் போதவில்லை. ஒலிவாங்கியை இழுத்துப் பிடித்துக்கொண்டு சொன்னேன்: "இந்த மத்தியான நேரத்தை நான் ஒருத்தியே வாங்கினேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். நான் நாதியற்றவள் இல்லை. இந்த நேரத்துக்கு ஒரு ஞானத்தாய் உண்டு. நொயேலியா பார்ராகான் வில்யசேனோர், அரிசோனாவில் பருத்தி எடுத்தவள், இப்போது லாஸ் ஏஞ்சலஸில் இருக்கிறாள், என் தங்கை." உன் பெயரை மெதுவாக, முழுசாக, இரண்டு தடவை சொன்னேன். கெவோர்க்கியன் கையை இறக்கிவிட்டார்.

இன்று காலையிலிருந்து ரொட்டிக் கடையிலும் சலவைக் கடையிலும் எல்லோரும் உன்னைப் பற்றியே கேட்கிறார்கள். எப்படி இருப்பாய், எப்போது வருவாய், சோன் அண்ணன் வீட்டு விழாவில் எந்த மேசையில் உட்காருவாய் என்று. அம்மா எல்லோரிடமும் உன் படத்தைக் காட்டிக்கொண்டு திரிகிறார்.

ஒரு பிசகு நடந்துவிட்டது. யாரையும் நிற்கச் சொல்லுமுன் வாசலில் போய்க் கேட்க வேண்டும் என்று உனக்குப் பாடம் எடுத்தவள் நான். உன்னிடம் கேட்காமலே ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டேன். நீ மாட்டேன் என்றால் எனக்கு இந்த ஊரில் தலை நிமிராது.

சனிக்கிழமை முதல் பேருந்தில் ஏறுகிறேன். உன் வாசலில் நின்று, என் வாயால் கேட்கிறேன்.

அம்பாரோ